திங்கட்கிழமை இறால்குஞ்சுகள்

நெளுக்குளம்,
12.01.2025

என்ர நிறஞ்சனாவுக்கு,

எடி, போன் எடுக்கிறாளில்லை எண்டு என்னோட கோவிக்காத. ஏ.எல். சோதனை முடியிற வரைக்கும் போன் இல்லை எண்டு வாப்பா அதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டி, திறப்பைத் தன்ர சட்டைப் பைக்குள்ள போட்டிட்டார். உம்மா பாவம் பார்த்துக் கதைச்சுப் பார்த்தவா, மனுசன் அசையிறார் இல்லை. அதுதான் தபாலில வந்து நிக்கிறன். என்ர கோழிக்கிறுக்கலை வாசிச்சுப் பழகினவள் நீ ஒருத்திதானே, சமாளி.

வகுப்பில உன்ர கதிரை இன்னும் வெறுமையாத்தான் கிடக்குது. சிவரூபி அதில தன்ர பையை வைக்கப் பார்த்தாள், நான் விடேல்லை. வள்ளம் இடிச்ச உங்கட அப்பாவின்ர இடுப்பு இப்ப எப்பிடி? எழும்பி நடக்கிறாரா? அவருக்குச் சுகம் வந்தா உன்னைத் திரும்பப் படிக்க அனுப்புவார் எண்டு நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்.

இனி விசயத்துக்கு வாறன். உயிரியல் செயற்திட்டப் போட்டி வருது. களப்புத் தண்ணி சூடேற ஏற இறால்குஞ்சு குறையுதா எண்டது என்ர தலைப்பு. சுதாகரன் சேருக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. ஆனா நெளுக்குளத்தில இருந்துகொண்டு களப்பு இறாலை நான் எங்க காணுறது, சந்தையில செத்துக் கிடக்கிறதைத்தான் காணலாம். நீ எண்ணு, நான் எழுதுறன். திங்கள், புதன், சனி, விடிய ஆறு மணிக்கு, முழங்காலளவு தண்ணியில, ஒரே இடத்தில பத்துத் தரம் கைவலையை இழுக்க வேணும். குஞ்சுகளை எண்ணிப்போட்டு உயிரோட திரும்ப விடவேணும். படிவமும் வெப்பமானியும் இதோட வருது. வெப்பமானி பள்ளிக்கூடத்துச் சாமான், உடைச்சுக் கிடைச்சுப் போடாத.

ரெண்டு பேரும் செய்தது, அதால ரெண்டு பேரின்ர பேரும் போடுவன். சத்தியமா.

உன்னைத் தேடிக்கொண்டிருக்கிற,
றிப்கா


கொக்கிளாய்,
02.02.2025

கோழிக்கிறுக்கல் றிப்காவுக்கு,

உன்ர படிவத்தைப் பிரிச்சுப் பார்த்திட்டுக் கொஞ்ச நேரம் அழுதனான். பள்ளிக்கூடக் கடதாசியில என்ர கையால திகதி எழுதி எவ்வளவு நாள்! அம்மா பயந்துபோய், ஆருக்கு என்ன நடந்தது எண்டு குசினிக்குள்ள இருந்து ஓடி வந்தவா.

கைவலை அம்மாதான் செய்து தந்தவா. பழைய நுளம்பு வலையை வெட்டிக் கம்பி வளையத்தில வைச்சுத் தைச்சது. நண்டு உடைக்கிற வேலைக்குப் போய்வந்து, கையெல்லாம் முள்ளுக் கீறலோட இருந்து தைச்சவா. நான் விடிய வெளிக்கிட, அப்பா படுத்த இடத்தில இருந்தே பகிடி பண்ணுறார். "ஊரெல்லாம் பிடிச்சு விக்கிறான், கிறகோரியின்ர மகள் பிடிச்சு எண்ணிப்போட்டு விடுறாள்" எண்டு. போற வாற சனம் எல்லாருக்கும் அது இப்ப பாடமாப் போச்சு.

வெள்ளைப் பீங்கானில ஊத்தித்தான் எண்ணுறன். இல்லாட்டிக் கண்ணுக்குப் பிடிபடாது. உடம்பு அப்பிடியே கண்ணாடி. கண் ரெண்டும் கறுத்தப் பொட்டு. சாப்பிட்டது வயித்துக்குள்ள ஓடுறது கூடத் தெரியுது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் கிழமை திங்கள் 31, புதன் 14, சனி 12. அடுத்த கிழமை 29, 15, 13. எல்லாம் படிவத்தில இருக்குது. சரியாச் செய்யிறனோ எண்டு சேரிட்டக் கேள்.

இன்னொண்டு. அப்பா நல்ல சுதியில இருந்த நேரம் பார்த்து, திரும்பப் படிக்கப் போகவா எண்டு கேட்டனான். தலையணையை இழுத்துச் சரி செய்தார். பேந்து, "உன்ர பேர் அச்சடிச்ச கடதாசி ஒண்டு வரட்டும், அனுப்புறன்" எண்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தவா. அவர் வாய்விட்டு ஒண்டு சொன்னா மாறமாட்டார், உனக்குத் தெரியும். அதால இது இப்ப உன்ர செயற்திட்டம் மட்டும் இல்லை றிப்கா. நான் திரும்ப வாறதும் வராததும் உதிலதான் இருக்குது.

சிவரூபியிட்டச் சொல்லு, கதிரையில கண் வைக்க வேண்டாமாம்.

உன்ர,
நிறஞ்சனா


நெளுக்குளம்,
09.03.2025

என்ர நிறஞ்சிக்கு,

நோன்பு பிடிச்சுக்கொண்டு எழுதுறன், எழுத்து இன்னும் மோசமா இருந்தா என்னைப் பேசாத. வெயில் கொளுத்துது. தொண்டை காய்ஞ்சு போய் இருக்கேக்குள்ள நீ முழங்கால் தண்ணியில நிக்கிறதை நினைச்சு எனக்குப் பொறாமையாக் கிடக்குது.

உன்ர படிவங்களைச் சேர் வகுப்பில தூக்கிக் காட்டினவர். "பள்ளிக்கூடம் வராத பிள்ளை இப்பிடி எழுதுது, வாற நீங்கள் என்ன செய்யிறியள்?" எண்டு கேட்டவர். எனக்குப் பெருமையில நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இலக்கங்களை நான் இன்னும் கூட்டிப் பிரிச்சுப் பார்க்கேல்லை, எல்லாம் வந்தபிறகு ஒரேயடியா வரைபு கீறுவம் எண்டு சேர் சொல்லிட்டார்.

உங்கட அப்பா சொன்னதை உம்மாவுக்கும் சொன்னனான். தொழுகையில உனக்காகவும் கேக்கிறாவாம். நீ யோசியாத, பேர் வரும். முதல் பேரே உன்ர பேராத்தான் போடுவன்.

பெருநாளைக்கு நீ இல்லாமல் வட்டிலப்பம் ஆருக்குக் குடுக்கிறது?

உன்ர,
றிப்கா


கொக்கிளாய்,
27.04.2025

றிப்காவுக்கு,

வட்டிலப்பத்தைச் சிவரூபிக்குக் குடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். போகட்டும், மன்னிச்சிட்டன்.

இந்தமுறை படிவத்தில ரெண்டு இடம் வெறுமையாக் கிடக்கும். காய்ச்சல். எழும்பவே ஏலாமல் போச்சு. தங்கச்சியை அனுப்பி எண்ணுவிக்கலாம் எண்டு அம்மா சொன்னவா, அவள் பீங்கானோட களப்புக்குள்ள விழுந்திடுவாள் எண்டு நான் விடேல்லை. எண்ணாததை எண்ணாதது எண்டே விட்டிருக்கிறன்.

தண்ணி நல்லா இறங்கிட்டுது. முழங்காலளவு தண்ணிக்கு இப்ப அதே நேரில முன்னைய விட இருபது எட்டுக் கூட நடக்க வேணும். விடியவே தண்ணி இளஞ்சூடு. குஞ்சுகளும் குறைஞ்சுகொண்டுதான் வருது, நீ சொன்னது சரி. புதனும் சனியும் ஆறு ஏழு, திங்கள் பதினாறு பதினேழு. பாஸ்குத் திருநாள் கிழமையில மட்டும் சனி 15, திங்கள் 22. கூழைக்கடாக்கள் வேற வரிசையா நிண்டு என்னையே பார்க்குதுகள், தங்கட சாப்பாட்டை நான் அள்ளிக்கொண்டு போறன் எண்டு நினைக்குதுகளாக்கும்.

அப்பா தடி ஊண்டி முத்தம் வரைக்கும் வாறார். தொழிலுக்குப் போக ஏலாது எண்டு வைத்தியர் அடிச்சுச் சொல்லிட்டார். கிளிநொச்சித் தையல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம் எண்டு பக்கத்து வீட்டில வந்து சொன்னவை. அதுக்கு விண்ணப்பப் படிவம் ஒண்டு வீட்டில கிடக்குது. அப்பா அதைத் தொடேல்லை. "கடதாசி எப்ப வரும்?" எண்டு மட்டும் என்னட்டக் கேட்டார். இந்தா வருது எண்டு சொல்லியிருக்கிறன். கெதியா அனுப்படி, கும்பிட்டுக் கேக்கிறன்.

உன்னை நம்பி,
நிறஞ்சனா


நெளுக்குளம்,
22.05.2025

நிறஞ்சனாவுக்கு,

இதை எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. மூண்டு கடதாசி கிழிச்சுப் போட்டன்.

போன கிழமை சேரும் நானும் வரைபு கீறினம். திங்கள் எல்லாம் மேல துள்ளிக்கொண்டு நிக்குது. ஒவ்வொரு திங்களும் மற்ற நாளைப்போல ரெண்டு மடங்கு. தண்ணிச் சூடு மூண்டு நாளும் ஒண்டுதான். ஒரே இடம், ஒரே நேரம். இறாலுக்குக் கிழமை தெரியுமா எண்டு சேர் கேட்டவர். பிள்ளை சில நாள் போகாமல் வீட்டில இருந்து நிரப்பியிருக்கும், எல்லாரும் செய்யிறதுதான் எண்டு சொன்னவர்.

நிறஞ்சி, அப்பிடி ஏதும் செய்தனியா? செய்திருந்தாலும் எனக்குக் கோவம் இல்லை. காய்ச்சல், வீட்டு வேலை, உன்ர கஸ்டம் எனக்கு விளங்கும். உண்மையைச் சொல்லு.

கடைசி நாள் வந்திட்டுது, உன்னட்டக் கேட்டு எழுத நேரம் இருக்கேல்லை. திங்கள் எல்லாத்தையும் வெட்டிப்போட்டுக் குடுத்திட்டம். நடுவர்மார் எண்ணின ஆளைப் பற்றித் துருவிக் கேட்டா முழு வேலையும் பழுதாப் போயிடும் எண்டு சேர் சொன்னதால உன்ர பேரையும் இந்தமுறை போடேல்லை. அடுத்த போட்டியில கட்டாயம் போடுவன்.

றிப்கா


கொக்கிளாய்,
28.05.2025

றிப்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எங்கட கரையில ஒருத்தரும் வலை போடுறேல்லை. அவ்வளவுதான் விசயம்.

சனி பின்னேரம் வலையைக் காயப் போட்டாத் திங்கள் விடிஞ்சபிறகுதான் திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கும். ஞாயிறு பூசை, பேந்து சாப்பாடு, நித்திரை. கரையில ஆரும் கலக்காமல், அள்ளாமல் ஒரு பகல் ஒரு இரவு கிடக்கிறதால குஞ்சுகள் ஆழம் குறைஞ்ச இடத்துக்கு வந்து நிக்கும். நான் திங்கள் ஆறு மணிக்கு, ஒருத்தரும் இறங்க முதல் எண்ணுறன். பெரிய வெள்ளிக்கும் வலை போடுறேல்லை, அதால பாஸ்குச் சனியும் கூட. எடுத்துப் பார். இறாலுக்குக் கிழமை தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நான் இதை முதலே எழுதியிருக்க வேணும் எண்டு நீ சொல்லலாம். எழுத வேணும் எண்டு எனக்குத் தோணவே இல்லையடி. இது இல்லாத ஊர் ஒண்டை எனக்குத் தெரியாது. உங்கட வாப்பா வெள்ளி மத்தியானம் கடையைப் பூட்டிட்டுப் பள்ளிக்குப் போறார். அந்த நேரம் கடையில சனம் இல்லை எண்டு நான் உன்னைக் கள்ளி எண்டு சொல்லுவனா? முதல் ஒரு சொல்லுக் கேக்கமாட்டனா?

காய்ச்சலுக்கு வெறுமையா விட்டவள் திங்கள் மட்டும் பொய் எழுதுவாளா? சேர் கேட்டது எனக்கு நோகேல்லை, அவருக்கு என்னை எவ்வளவு தெரியும்? நீ ரெண்டு வருசம் எனக்குப் பக்கத்தில இருந்தனி. கேக்கிறதுக்கு முதலே வெட்டிப்போட்டு, பேந்து கேக்கிறாய், செய்திருந்தாலும் கோவம் இல்லை எண்டு. எனக்குக் கோவம் இருக்குதடி.

அப்பா இண்டைக்கும் கேட்டவர். பேர் வரேல்லை எண்டு சொல்லிட்டன். ஏன் எண்டும் கேக்கேல்லை. அந்தத் தொழிற்சாலைப் படிவத்தைக் கொண்டு வரச்சொல்லி ஒப்பம் வைச்சவர்.

வெப்பமானி பத்திரமா இருக்குது. பஸ்ஸில குடுத்து அனுப்புவன்.

நிறஞ்சனா


நெளுக்குளம்,
13.06.2025

என்ர நிறஞ்சனாவுக்கு,

உன்ர கடிதத்தைச் சேரிட்ட அப்பிடியே குடுத்தனான். வாசிச்சுப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சவர். "நான் பிழை விட்டிட்டன் பிள்ளை" எண்டார். அண்டைக்கே ரெண்டு பேரும் போட்டி நடத்திற இடத்துக்குப் போனம். திருத்திக் குடுக்க ஏலாது எண்டு அங்க இருந்தவை சொன்னவை, சேர் விடேல்லை. திங்கள் எல்லாத்தையும் திரும்பச் சேர்த்து, உன்ர விளக்கத்தையும் எழுதி, முதல் பேரா உன்ர பேரைப் போட்டுக் குடுத்தம்.

முதலாம் இடம்! திங்கள் இலக்கங்களுக்காகத்தான் தந்தவை. கிழமையில ஒரு நாள் வலை போடாட்டிக் குஞ்சு கூடுது எண்டதுதான் இதில பெரிய விசயமாம், சூடு எல்லாம் பேந்துதானாம். சான்றிதழ் இதோட வைச்சிருக்கிறன். அச்சில இருக்குது நிறஞ்சி, உன்ர முழுப்பேர். உங்கட அப்பாவுக்குக் காட்டு. மேடையில பரிசு தாறது இருபத்தெட்டாம் திகதி. அம்மாவோ அப்பாவோ ஒரு கடிதம் தந்தா உடன சேர்க்கலாம் எண்டு பள்ளிக்கூட அதிபரும் சொல்லிட்டா.

நான் கேட்ட கேள்வியை நினைக்க எனக்கு வெக்கத்தில சாக வேணும் போலக் கிடக்குது. சேர் சொன்ன உடன எனக்கும் ஒரு நிமிசம் அப்பிடித்தான் இருக்குமோ எண்டு பட்டது. அதை உன்னட்ட ஒளிக்க ஏலாது. வந்து எனக்கு ரெண்டு அடி போடு. ஆனா வா.

உன்ர றிப்கா


கிளிநொச்சி,
20.07.2025

றிப்காவுக்கு,

உன்ர கடிதம் வந்த நேரம் நான் வீட்டில இல்லை. ஜூன் முதல் கிழமையே இஞ்ச வந்திட்டன். அம்மா எடுத்து வைச்சு, நேற்று என்னைப் பார்க்க வரேக்குள்ளதான் கொண்டு வந்தவா. இருபத்தெட்டாம் திகதி போய் மூண்டு கிழமை.

அப்பா சான்றிதழைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில கொழுவியிருக்கிறாராம். வாற சனத்துக்கெல்லாம் காட்டுறாராம். என்னைத் திரும்பக் கூப்பிடுறதைப் பற்றி ஒண்டும் கதைக்கிறாரில்லையாம். எப்பிடிக் கதைப்பார்? ரெண்டு வருசத்துக்கு ஒப்பம் வைச்சாச்சு. என்ர சம்பளத்திலதான் இப்ப அவரின்ர மருந்தும் தங்கச்சியின்ர படிப்பும் போகுது. ஒரு மாசம் முந்தி வந்திருந்தா அவர் அந்தப் படிவத்தைத் தொட்டிருக்கமாட்டார். இதை உன்னை நோகடிக்க எழுதேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

நீ திரும்பப் போய்ச் சண்டை பிடிச்சது எனக்குச் சந்தோசம். சேருக்கும் சொல்லு. உன்னில இன்னும் கோவம் இருக்குது, ஆனா அது குறையும். அந்த ஒரு நிமிசம் உனக்கு அப்பிடிப் பட்டது எண்டு எழுதியிருந்தாய் பார், அதுதான் போகுதில்லை. வேற ஆராவது எண்டா மறந்திருப்பன்.

இஞ்ச நான் சேட்டுக் கழுத்து எண்ணிக் கட்டுற மேசையில. பின்னேரம் எங்களைக் கண்காணிக்கிற இராசேஸ்வரி அக்கா வந்து எத்தினை எண்டு கேப்பா. நான் சொல்லுவன். அவா திரும்பி எண்ணிப் பார்க்கமாட்டா, என்ர முகத்தையும் பார்க்கமாட்டா, அப்பிடியே எழுதிக்கொண்டு போயிடுவா. முதல் நாள் அவா அப்பிடி எழுதினதைப் பார்த்திட்டுக் கழிப்பறைக்குள்ள போய் நிண்டு அழுதனான்.

சோதனையை வடிவாச் செய். உனக்கு மருத்துவம் கிடைக்க வேணும் எண்டு நான் நேர்ந்திருக்கிறன், அதில மாற்றமில்லை. உம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லு.

இனி எனக்கு எழுதாத றிப்கா. நீ எழுதினா நான் மறுமொழி போட்டிடுவன்.

நிறஞ்சனா