வண்டிக்கு நின்ற பெண்கள்

அக்கா,

இன்று இழுப்பறையில் உங்கள் கண்ணாடிக் கூடு கிடைத்தது. உள்ளே கண்ணாடி இல்லை. நீங்கள் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசனை மட்டும் இருக்கிறது. நம் அலுவலகத்தின் செயற்கை நுண்ணறிவு அறக்குழுவுக்கு இன்னொருவரை எடுக்கப்போகிறார்கள். அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று என்னை எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குத்தான் பேனா தேடினேன்.

நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேமராப் படங்களுக்குக் குறிப்புப் போட்டோம். அதைப் பார்த்துத்தான் கணினி படிக்கும். சாலையோரம் பத்து நிமிடத்துக்கு மேல் கூட்டமாக நின்றால் 'சந்தேகம்' என்று போட வேண்டும். விடிகாலையில் தூக்குச்சட்டியோடு நின்ற ஏழெட்டுப் பெண்களுக்கு நான் அப்படியே போட்டேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நடவு வண்டிக்கு நிக்காவ. இதுல என்னட்டி சந்தேகம்? காலேஜ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளா?"

எனக்குத் தெரியாமல் இல்லை, அக்கா. என் அம்மா தினமும் சீவலப்பேரி விலக்கில், சாலை பிரியும் இடத்தில், அப்படித்தான் நிற்பாள். ஆனால் உங்களிடம், "அம்மா வீட்லதான் இருக்காவ" என்று சொல்லி வைத்திருந்தேன்.

நீங்கள் மேலாளரிடம் சண்டை போட்டு அந்த விதியை எடுக்க வைத்தீர்கள். அதன் பிறகுதான் இந்தக் குழுவே வந்தது. அதற்கு நம் பிரிவிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார்கள். எல்லோரும் உங்கள் பெயரைச் சொன்னார்கள். மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவங்க பத்தாவதுதான். நீ சொல்லும்மா, இதுக்கு டிகிரி வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

எதற்கும் வாய் திறக்காத நான் அதைத் தயங்காமல் சொன்னேன். நம் பிரிவில் பட்டம் இருந்தது எனக்கு மட்டும்தான்.

என்னைக் குழுவில் போட்டதற்கு நீங்கள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தீர்கள். "கூட்டத்துல வாயத் தொறப்பியாட்டி, இல்ல டீயக் குடிச்சிட்டு வந்துருவியா?" என்று சிரித்தீர்கள். திறந்தேன், அக்கா. முதல் கூட்டத்திலேயே நடவு வண்டி விஷயத்தைச் சொன்னேன், நானே கண்டுபிடித்தது போல. கைதட்டினார்கள். நீங்கள் பங்குனியில் நெஞ்சுவலி வந்து கண்மூடும்வரை அதே நாற்காலியில் குறிப்புப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மேலாளரிடம் நான் சொன்னது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கத் துணியவே இல்லை.

கண்ணாடிக் கூட்டை என் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு எழுதினேன்: 'பட்டம் தேவையில்லை. படத்தில் நிற்பவர்களைப் போன்றவர்களோடு பழகியிருக்க வேண்டும். அதை நாலு பேர் முன்னால் சொல்லவும் வேண்டும்.'

பழகிய தகுதி எனக்கு அன்றைக்கே இருந்தது, அக்கா; சொல்லும் தகுதிதான் இல்லை.