அவசரம் என்றால் என்ன என்று கேட்டார்கள்

மக்கா,

நேற்று நம்ம பாறசாலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நம்ம ஊருக்கும் ரயில் வந்துவிட்டது. நீ பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்க, பார்சல் பெட்டியிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள். டீசல் புகையும் நனைந்த சாக்கும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்னைத்தான் நினைத்தேன். அப்போது அம்பூரியிலிருந்து வந்த ஒரு பெண் கவுண்டரில் எட்டிப் பார்த்து, "அவசரமாணு சாரே" என்றாள். கிளார்க் நம்ம பக்கத்துப் பிள்ளை. மறுபேச்சில்லாமல் அவள் பார்சல் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். அவளுக்குக் காரியம் நடந்தது நல்லதுதான். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் என் பார்சலை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ரயிலே இல்லாத ஊருக்கு ரயில்வே பார்சல் வேன் ஓடிய கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தண்டவாளம் திருவனந்தபுரத்தோடு முடிந்துவிடும். அங்கே வந்து இறங்கும் பார்சலை ரயில்வேயிடம் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி ரோட்டு வழியாக நாகர்கோவில் வரை கொண்டுபோகும். அந்தக் கம்பெனியின் டீசல் வேனுக்கு நீ டிரைவர். பாறசாலை ஷெட்டில் பார்சல் இறக்கிக் கொடுக்கும் கிளார்க் நான். கரி போட்டு ஓடிய பஸ்களைத் தள்ளித் தள்ளி நொந்துபோன சனத்துக்கு உன் வேன் பெரிய அதிசயம். மழைக்காலத்தில் அது காலையில் லேசில் கிளம்பாது. முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே நீ அதைத் திட்டுவாய். பிறகு அதன் பானெட்டைத் தட்டிக் கொடுப்பாய். போகும்போது துணி பேல், மருந்துப் பெட்டி, சைக்கிள் சாமான். வரும்போது கருப்பட்டி, நல்லமிளகு, காஞ்சிரங்குளத்துக் கருவாடு. கருவாடு ஏற்றிய நாளில் உன் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த வருஷங்கள் அவை. இந்தத் தாலுகா மெட்ராஸோடு போகணுமா திருவிதாங்கூரோடு இருக்கணுமா என்று டீக்கடையில் தகப்பனும் மகனும் சண்டை போட்டார்கள். களியக்காவிளையில் போலீஸ் உன் வேனை நிறுத்தி நோட்டீஸ் தேடும். கருவாட்டுக் கூடைக்குள் கையை விட்டுவிட்டு அவர்கள் படும் பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். நீ எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்கு ரெண்டு பக்கமும் பார்சல் உண்டு, நான் எங்க போவ?" என்றாய். அவ்வளவுதான் உன் அரசியல். அந்த உன்னைத்தான் கலகக்காரன் என்றார்கள்.

கோயில் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்புக்குப் பாடப் புத்தகம் வரவேண்டியிருந்தது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், அன்றைக்குப் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லையென்றால் வகுப்பையே மூடிவிடுவார் என்று டீச்சரம்மா நம்ம ஷெட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உன் மூத்த மகளையும் அந்த வகுப்பில்தான் அப்போது புதிதாகச் சேர்த்திருந்தாய். வியாழக்கிழமை புத்தகக் கட்டு மெட்ராஸிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டது. பார்சல் ஆபீஸ் மூலையில் அது கிடப்பதை நீயே கண்ணால் பார்த்தாய். அங்கே மலையாளக் கரையின் வடக்கேயிருந்து புதிதாக வந்த ஒரு கிளார்க். அவரிடம் நீ உன் மலையாளத்தில் கேட்டாய், "சாரே, ஸ்கூள் கெட்டு, அவசரமாணு." அவர் தலையை நிமிர்த்தாமல், "அவசரம் வரும்போள் தராம்" என்றார்.

வெள்ளியும் அதே பதில். சனியும் அதே பதில். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு நீ குதித்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எலே, அவசரம் வரும்போ தராம்னு சொல்லுதான். வந்தாச்சே! இதுக்கு மேல என்ன அவசரம் வரணுமாம்?" நானும் உன்னோடு சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார், தமிழ் வகுப்பை மூடச் சொல்லிவிட்டுப் போனார். கட்டு புதன்கிழமை வந்து சேர்ந்தது.

ஊர் கொதித்தது. பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடிதம் போட்டான். புத்தகத்தை வேண்டுமென்றே ஏற்றாமல் விட்டது டிரைவர்தான், தமிழ் சனத்தைத் தூண்டிவிடச் செய்த சதி அது என்று எழுதியிருந்தான். தமிழ்ப் புத்தகத்தைத் தமிழனே மறைத்தானாம், அதுவும் பெற்ற மகள் படிக்கும் வகுப்பில்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதை எழுதியவன் விளங்கவே மாட்டான்.

கம்பெனி மானேஜரும் நகரத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியும் விசாரித்தார்கள். மூன்று நாளும் அவசரம் என்று சொல்லித்தான் கேட்டேன் என்றாய் நீ. ஆமாம், அவசரம் என்றுதான் சொன்னார் என்றார் அந்தக் கிளார்க். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் மலையாளத்தில் அவசரம் என்றால் முறை, வாய்ப்பு. இந்தக் கட்டுக்கும் முறை உண்டு என்று நீ சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். முறை வரும்போது தருகிறேன் என்றார். உடனே வேண்டுமென்றால் அடியந்திரம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டார். நம்ம ஊரில் அடியந்திரம் என்றால் செத்தவருக்குப் பதினாறாம் நாள் போடும் சோறு. பள்ளிப் புத்தகத்துக்கு யார் அடியந்திரம் கேட்பார்கள்?

எனக்கு அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போதுதான் விஷயமே உறைத்தது. நம்ம மலையாளத்தில் பாதிச் சொல் தமிழை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. நமக்குள் பேசுகிறவரை அது யாருக்கும் தெரியாது. அந்த அறையில் எல்லைக்காரன் என்று நீயும் நானும்தான். அதிகாரி என் பக்கம் திரும்பி, நீ இந்த ஊர்க்காரன்தானே, அவசரம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. போலீஸ் வீடு வீடாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம்; தமிழ் அர்த்தத்தைச் சொன்னால் நானும் கலகக்காரன். தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். பிறகு, "மலையாளத்தில் முறை என்றுதான் அர்த்தம், சார்" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மறுநாளே உன்னிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

புதிதாக வந்த டிரைவருக்கு டபிள் கிளச் பிடிக்கத் தெரியாது. ஒரே வருஷத்தில் கியர்பாக்ஸை உடைத்தான். பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் ஒரு மாநிலம், நடுவில் செக்போஸ்ட். உன் வேன் கைமாறி கள்ளிக்காடு என்ற ஊரில் ரப்பர் ஷீட் சுமந்தது. கடைசியில் ஒருவர் அதில் கோழி வளர்த்தார் என்று கேள்விப்பட்டேன். மூத்தவளை இங்கேயே பாட்டி வீட்டில் மலையாள வகுப்பில் விட்டுவிட்டு, நீ மார்த்தாண்டத்துக்குக் குடிபோய்ச் செங்கல் லாரி ஓட்டினாய். எனக்கு வேலை நிரந்தரமானது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பல வருஷம் கழித்துக் களியக்காவிளைச் சந்தையில் உன்னைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். நீயே வந்து என் தோளைப் பிடித்தாய். என்னைத் திட்டியிருக்கலாம் நீ. "நீ சொன்னது பொய்யில்ல மக்கா. பொய்னா நான் சண்டை போட்டிருப்பேன்லா" என்றாய். பிறகு டீ வாங்கித் தந்துவிட்டுப் போனாய்.

உன் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். உன் மூத்தவள் நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாளாம். இலையில் சோறு வைத்துவிட்டு, உன்னைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்றாள். அதுதான் இந்த மடல். "ஆனா மாமா, மலையாளத்துல எழுதிருங்க. எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது" என்றாள். வகுப்பை மூடிவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து எழுத்து வரும்? நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரைக்கு எடுத்துப் போய், உட்கார்ந்து, நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். என்னைப் பற்றி எழுதிய வரிகளையும் விடாமல் வாசிப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும். அன்று அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை முதலில் அவளிடம் சொல்லியாக வேண்டும்:

"எங்க ஊர்ல அவசரம்னா உடனே வேணும்னு அர்த்தம், சார். அவன் மூணு நாளும் உடனே வேணும்னுதான் கேட்டான்."