ஆறு விரல் தாழ்ந்த வண்டி

என் கண்ணே, குபேந்திரா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று இருந்துவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் குடியாத்தம் போய் வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆமாம், நானேதான். நம் வண்டியில்தான். முன்சீட்டில் உட்கார்ந்து.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். டெலிபோன் ஆபீசில் பகலெல்லாம் காதில் குரல்கள். மெட்ராஸைக் கொடு, பெங்களூரைக் கொடு, தோல் மண்டியைக் கொடு என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், யாரும் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் அதுவும் இல்லை. நேற்றுப் பால்காரரிடம் தேவைக்கு மேல் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்கு மூன்று வயதில் வலது கால் போயிற்று. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். நீ தோல் பதனிடுகிற ஷாப்பில் லாரிகளைப் பார்த்துக்கொண்டாய், நான் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்தேன். ஒருநாள் வேலூர் போகிற பஸ்ஸில் ஏற முடியாமல் நான் படியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கண்டக்டர் இறங்கி வந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பஸ் முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நான் ஆம்பூரைத் தாண்டவில்லை. ஆபீசுக்கு ஜட்கா, ஆபீசிலிருந்து ஜட்கா.

பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட அந்தப் பழைய ஆம்புலன்ஸை நீ ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தார் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று ஓடிவந்தார்கள். நீ சிரித்தாய். உள்ளே பலகைக் கட்டில் அடித்தாய். ஸ்டவ் வைக்க ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒரு டின், ஜன்னலுக்குக் குடியாத்தம் லுங்கித் துணியில் திரை. "அக்கா, இது வண்டி இல்ல, வூடு. எங்க நிறுத்துறமோ அது நம்ப ஊரு" என்றாய்.

எல்லாம் சரி, நான் எப்படி ஏறுவது? பின்கதவு தாழ்வாகத்தான் இருந்தது. அதன் வழியே ஏறிப் படுத்துக்கொள்ளச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். "பின்னாடி ஏத்துனா நான் நோயாளிடா. எனக்கு முன்னாடி உக்காந்து ரோடு பார்க்கணும்" என்றேன். முன்சீட்டோ என் இடுப்புக்கு மேல் இருந்தது, அதன் கதவடிப் படியே எனக்கு எட்டாத உயரம். இரட்டைப் படி வைத்துப் பார்த்தாய். கீழ்ப்படியில் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் நான் விழுந்தேன், நெற்றியில் வீங்கிற்று. "பார்க்கலாம் அக்கா, அப்பறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டாய். வண்டி நான்கு மாதம் வாசலில் சும்மா நின்றது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் ஜாக்கியோடு வந்து நின்றாய். "முன்னாடி இறக்கிடலாம் அக்கா. மொத்த வண்டியையும் உன் காலுக்கு இறக்கிடலாம்" என்றாய்.

ஏன் திடீரென்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

இதைத்தான் ஆறு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, குடியாத்தத்திலிருந்து உன் ஷாப்புக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. இணைத்துக் கொடுத்தவள் நான். குரல் சேர்ந்ததா என்று ஒரு நொடி கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் வேலை. உன் பெயர் விழுந்தது. நான் விடவில்லை.

"யாரு, குபேந்திரனா? நான் சுலோச்சனாவோட அப்பா பேசுறேன். பொண்ணு புடிவாதமா இருக்குது. எனக்கும் உன் மேல ஒண்ணும் இல்ல. ஆனா உங்க அக்காவை எங்கியாவது ஆசிரமத்துல, ஹோம்ல வுட்டுட்டு வந்தீன்னா மேல பேசலாம். என் பொண்ணு போற எடத்துல அந்தச் சொமை வேணாம்."

நீ "வேணாங்க" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

அவர்கள் வீட்டுக் கிணற்று எஞ்சினைப் பழுது பார்க்க நீ ஏன் அத்தனை தடவை குடியாத்தம் போனாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று சாயங்காலம் நீ வந்து காபி கேட்டாய். நான் கொடுத்தேன். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குபேந்திரா, நான் அன்றே வாயைத் திறந்திருந்தால் உன் வாழ்க்கை வேறாக இருந்திருக்குமா?

திறக்கவில்லை. உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதை இப்படி எழுதிப் பார்க்கவே எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

வாசலில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கி என் காலை அளந்தாய். ஒரு செங்கல் வைத்தால் ஏறினேன், இரண்டு வைத்தால் தடுமாறினேன். "ஒண்ணரை" என்று சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினாய். கதவடிப் படி அந்த உயரத்துக்கு வர, வண்டியின் மூக்கு ஆறு விரல் இறங்க வேண்டும். வாணியம்பாடியிலிருந்து உன் தோஸ்த் பஷீர் பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "டேய், முன்னாடி மட்டும் இறக்குனா ஸ்டியரிங் பேஜார் பண்ணும்டா. ரோட்டுல கல்லு ஜாஸ்தி. அடியில இடிக்கும்." நீ கேட்கவில்லை.

முதலில், அச்சின் மேல் வண்டியைத் தாங்குகிற வில் மாதிரியான கமான் கட்டிலிருந்து பக்கத்துக்கு இரண்டு பட்டையை உருவினாய். வண்டி இறங்கிற்று. ஆனால் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அச்சு போய்ச் சட்டத்தில் இடித்து, உன் பல் உன் நாக்கையே கடித்துவிட்டது. பட்டை கம்மியானால் வண்டி தொங்கிப்போகும் என்று திரும்ப எல்லாவற்றையும் சேர்த்தாய். அப்புறம் கட்டு மொத்தத்தையும் பிரித்துக் கொல்லரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு பட்டையாகக் காய்ச்சி, அதன் வளைவைத் தட்டிக் குறைத்து, எண்ணெயில் முக்கி எடுத்து வந்தாய். வண்டி சரியாக ஆறு விரல் இறங்கிற்று. ஆனால் மூக்கு தாழ்ந்ததும் வண்டி நேராக ஓட மறுத்தது, குடித்தவன் மாதிரி இரண்டு பக்கமும் அலைந்தது. பஷீர் பாய் சொன்னது நடந்துவிட்டது. இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கமானுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரித் தகடு இழைத்து வைத்தீர்கள். வண்டி அடங்கிற்று. திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது, அதையும் வெட்டினாய். உன் முழங்கை வரை கிரீஸ், கண்ணெல்லாம் சிவப்பு. நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பையன் எதை மறக்க இத்தனை சுத்தியல் அடிக்கிறான் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்?

ஒரு காலை, ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்று ஏதோ நட்டை முடுக்குகிற மாதிரி பாவனை செய்தாய்.

முதல் பயணம் ஆலங்காயம். மலை நெருங்க நெருங்க நான் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தேன். ஊருக்கு முன்னால், வண்டித் தடத்தின் நடுவே கிடந்த கல் எஞ்சின் அடிப்பெட்டியைக் கிழித்து எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். "நான் இறக்குனதாலதான் அக்கா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஷீர் பாய் சாமானோடு வந்துசேர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அந்தப் புளியமரத்தடிதான் நம் ஊர். சோறு பொங்கினோம், கருவாடு சுட்டோம். ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வந்து ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, "உள்ள கட்டிலெல்லாம் இருக்குது!" என்று கத்தினாள்.

இரண்டாம் நாள் நான் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். "குபேந்திரா, உனக்கு ஒரு கல்யாணம்..." என்றேன். நீ உலையைப் பார்த்தபடியே, "அரிசி கொதிக்குது, மூடியைத் தூக்குக்கா" என்றாய். நான் மூடியைத் தூக்கினேன். அவ்வளவுதான் நம் பேச்சு.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் எத்தனை ஊர் போனோம். அப்புறம் உன் கண் மஞ்சளாயிற்று. நாட்டு மருந்து, கீழாநெல்லி என்று நாள் கடத்தினாய். வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அழுதபோது உன்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பஷீர் பாய் வண்டியை ஓட்டினார். நான் முன்சீட்டில். நீ அடித்த பலகைக் கட்டிலில், பின்னால், நீ. மாதனூர் தாண்டும்போது உன் குரல் கேட்டது.

"அக்கா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?"

"இல்லடா. நேராப் போவுது."

"பஷீருக்கு மெதுவா ஓட்டச் சொல்லு. கல்லு இருக்கும்."

ஆறாம் நாள் நீ போய்விட்டாய். டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள்.

போன மாதம் ஒரு ஆள் வண்டியைக் கேட்டு வந்தார். தோல் ஏற்றுவதற்காம். குனிந்து பார்த்துவிட்டு, "முன்னாடி தூக்கிட்டா நல்ல வண்டிம்மா. எந்தப் பைத்தியக்காரன் இப்டி பண்ணான்?" என்றார். பஷீர் பாய் முகம் சிவந்துவிட்டது. நான் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு, "பாய், என்னைக் குடியாத்தம் கூட்டிக்கினு போறீங்களா?" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது, குபேந்திரா. எல்லோரும் தெரிந்துகொண்டு எல்லோரும் சும்மா இருந்திருக்கிறோம்.

பிறந்த வீடு போலவே சுலோச்சனா வாழ்க்கைப்பட்ட வீடும் தறி வீடுதான், பஷீர் பாய்க்கு வழி தெரிந்திருந்தது. வாசலுக்கு நான்கு படி. பஷீர் பாய் உள்ளே போய், லுங்கி எடுக்க வந்திருக்கும் அம்மாவால் படி ஏற முடியாது, வண்டியிடமே கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் கையில் லுங்கிகளோடு வந்தாள். ஒல்லியான பெண். தலைமுடியில் பஞ்சுத் தூசி.

"நான் குபேந்திரனோட அக்கா" என்றேன்.

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் சுற்றிவந்து ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்து, உன் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். லுங்கிகள் மடியில் இருந்தன. அழவில்லை. மேல் லுங்கியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவர் வேணாம்னு சொல்லிட்டாருன்னு எங்கப்பா சொன்னாரு. நான் எதனாலன்னு எவ்ளோ யோசிச்சேன் தெரியுமா? நான் கறுப்பா இருக்கேன்னா, படிக்கலன்னா..."

"அவன் வேணாம்னுதான்மா சொன்னான். ஆனா உன்னை இல்ல." உன்னைக் கண்முன் வைத்துச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா கேட்டதை, நான் ஒட்டுக் கேட்டதை, நான் வாய் திறக்காததை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் வேறு ஒன்று கேட்டாள். "அக்கா, எப்டி சொன்னாரு? பட்டுனு சொல்லிட்டாரா?"

"இல்லம்மா" என்றேன். "உங்கப்பா கேட்டதும் அவன் பேசவே இல்ல. ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கும். லைன் அறுந்துபோச்சோன்னு நான் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். அறுந்துபோவல. அவன் மூச்சு கேட்டுச்சு. அப்பறம்தான் சொன்னான்."

"ஒரு நிமிஷமா?"

"மேலயே இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினவள், கதவைப் பிடித்தபடி, "மறுபடி வருவீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

குபேந்திரா, அந்த ஒரு நிமிஷத்தில் நீ என்ன நினைத்தாய்? அவளையா, என்னையா? இனி எனக்கு அது தெரியப் போவதில்லை. ஆனால் உன் அந்த நிமிஷத்தை இத்தனை வருஷம் நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவளிடமும் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். அவள் உன்னைப் பற்றி என்ன கேட்டாலும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
அக்கா ரேணுகா
ஆம்பூர்