ஒரு நாளைக்கான சாவி

ஆவுடைத்தாய் டாக்கீஸ்,
கோவில்பட்டி.
5 ஆகஸ்ட் 2024

செல்வகணேஷுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வந்தது. தேதி போடவில்லை. தபால் முத்திரையைப் பார்த்துத்தான் என்றைக்கு எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். மூன்று வருடம் கழித்து எழுதுகிறவன் தேதியாவது போட்டிருக்கலாம். கடிதத்தின் தலையில் எழுதும் ஆசீர்வாதத்தை நானும் விட்டிருக்கிறேன். அது மறதியால் அல்ல.

உன் இரண்டாவது படம் முடிந்துவிட்டது, நம் தியேட்டரில் போட வேண்டும் என்று கேட்கிறாய். போட மாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

கொரோனாவில் எட்டு மாதம் பூட்டிக் கிடந்து 2020 நவம்பரில் திறந்தபோது, பாதி இருக்கையில்தான் ஆள் உட்காரலாம் என்றார்கள். ஒன்று விட்டு ஒரு இருக்கையில் உன் அப்பா தன் கையால் சணல் கட்டினார். எந்தத் தியேட்டரிலும் போடுவதற்குப் புதுப்படம் இல்லை. அவர் மட்டும் கவலைப்படவில்லை. "என் மவன் படம் பொங்கலுக்கு இருக்கு. இவனுவளை யாரு நம்பிக்கிட்டு இருக்கா?" என்று மேனேஜர் தங்கச்சாமியிடம் சொன்னார். பொங்கலுக்குப் பெரிய நடிகரின் படம் ஒன்று வீடு தேடி வந்தது. உன் படத்துக்காக அதை வேண்டாம் என்று அனுப்பினார். கயத்தாறு வரை போஸ்டர் ஒட்டினார். ஆட்டோவில் குழாய் கட்டி, அறுபத்தெட்டு வயதில் தானே மைக்கைப் பிடித்து, விளாத்திகுளம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, போனில் படம் காட்டும் கம்பெனிக்கு நீ விற்றுவிட்டாய். அதை நீ வாயால் சொல்லவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன் சொன்னான். "அண்ணாச்சி, உங்க மவன் படத்தை இனி படுத்துக்கிட்டே பாத்துருவோம். மெனக்கெட்டு உங்க கொட்டாய்க்கு எதுக்கு வரணும்?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வந்தார். பெரிய நடிகரின் படம் பக்கத்துத் தியேட்டரில் ஓடியது. நம் தியேட்டரில் பழைய படம். உன் போஸ்டர் நாலு மாதம் சுவர்களில் வெயில் காய்ந்தது.

அந்த மே மாதம் அவர் இறந்தார். நோய் வந்து இறந்தார். நீ விற்றதால் இறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். நீ வந்து கொள்ளி வைத்தாய்; அதிலும் குறை இல்லை. ஆனால் பொங்கலிலிருந்து மே வரை அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ கொடுத்த போனைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று கேட்டிருக்கிறாய். உன் படம் அதில்தான் ஓடியது. அது என் வீட்டில் இருக்காது.

செண்பகவல்லி வெயிலுமுத்து


சென்னை,
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தேதி போட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். அப்போது தயாரிப்பாளர் வீட்டு வாசலில் கடனைக் கேட்டுக் காலையும் மாலையும் ஆட்கள் நின்றார்கள். தியேட்டர் இன்னொரு தடவை மூடும் என்று எல்லாரும் பயந்தோம், மூடவும் செய்தது. கையெழுத்துப் போடும்போது அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். என் தப்பு அதுதான்.

இப்போது நிலைமை தலைகீழ். அந்தப் போன் கம்பெனிகளே, முதலில் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு படத்தைத் தொடுகிறார்கள். தியேட்டர் கிடைக்காவிட்டால் இந்தப் படம் பெட்டியிலேயே கிடக்கும். இதுவும் கிடந்தால் எனக்கு மூன்றாவது படம் இல்லை.

திருநெல்வேலியில் ஒரு தியேட்டர்காரரைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஏலே தம்பி, பெத்த தாயே போடாத படத்தை நான் போடணுமாக்கும்?" என்றார். சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் இதையே வேறு மாதிரி சொன்னார்கள். நீங்கள் ஒரு வாரம் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். எனக்காக வேண்டாம். படத்தில் வருகிறதெல்லாம் நம் ஊர் ஜனம்.

உங்கள் மகன்,
செல்வகணேஷ்


கோவில்பட்டி,
20 ஆகஸ்ட் 2024

செல்வகணேஷுக்கு,

யோசித்துப் பார்த்தேன். போடுகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, ஒரு வாரத்துக்கு. முதல் காட்சி காலை பதினொரு மணி. டிக்கெட் முழுவதும் விற்றுப்போகும். அதற்கு நான் பொறுப்பு.

நீ கட்டாயம் வர வேண்டும். உன் அப்பா புதுப்படம் பார்க்கும் முறை உனக்கு நினைவிருக்கும். கடைசி ஆள் உட்கார்ந்து, விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே போவார். திரைக்குப் பக்கத்துக் கதவு வழியாகப் போய் முதல் வரிசை நடு இருக்கையில் உட்காருவார். ஜனத்தை முதுகால் கேட்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும் என்பார். நீயும் அப்படியே செய். இடைவேளை வரை திரும்பாதே.

வெள்ளைச் சட்டை போட்டு வா. முடி வெட்டிக்கொள்.

அம்மா


கோவில்பட்டி,
21 செப்டம்பர் 2024

செல்வகணேஷுக்கு,

நேற்று என்ன நடந்தது என்று நீ இந்நேரம் புரிந்துகொண்டிருப்பாய். ஆனாலும் என் கையால் எழுதி அனுப்புவதுதான் முறை.

நேற்று அந்த ஒரு காட்சிதான் வைத்தேன்; அதன் அறுநூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்டையும் நான்தான் வாங்கினேன். வாசலில் போஸ்டருக்கு மாலை போட்டதும், ஆபரேட்டர் இசக்கிமுருகன் மெஷின் முன்னால் சூடம் காட்டியதும் நிஜம். நீ இருட்டில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தபோது உன் பின்னால் ஒரு ஆள்கூட இல்லை. நான் மட்டும் மேலே பால்கனியில் இருந்தேன்.

முதல் பாதி முழுக்க ஒரு சிரிப்பு இல்லை, ஒரு விசில் இல்லை, ஒரு குழந்தை அழவில்லை. உன் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். நீ அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் நானும் சத்தமில்லாமல் இருந்தேன். இடைவேளை மணி அடித்து விளக்குப் போட்டதும் திரும்பினாய். அந்த முகத்தைப் பார்க்க மூன்றரை வருடம் காத்திருந்தேன்.

இதை ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். ஊரடங்கில் மெஷினைச் சும்மா வைத்தால் கெட்டுவிடும் என்று, வெள்ளிக்கிழமைதோறும் இசக்கிமுருகன் வந்து ஏதாவது ஒரு பழைய படத்தை ஓட்டுவான். உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அதே முதல் வரிசையில் உட்காருவார். பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள். "எதுக்கு இப்படி உட்காருதீங்க? மெஷின் ஓடுனாப் போதாதா?" என்று கேட்டேன். "என் மவன் படம் வரும்போது காது பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்லா" என்றார். தியேட்டர் திறந்த பிறகும், ஆள் வராத வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சிகளில், இறக்கும் வருடம் ஏப்ரல் வரையும் அப்படித்தான். உன் படம் வராது என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்தார்.

நீ இடைவேளையில் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டாய். உன் அப்பா ஒரு நாளும் இடைவேளையில் எழுந்ததில்லை.

மீதி நாட்களுக்கு நான் டிக்கெட் வாங்கப் போவதில்லை. ஓடினால் ஓடட்டும்.

செண்பகவல்லி


கோவில்பட்டி,
23 செப்டம்பர் 2024
விரைவுத் தபால்

செல்வகணேஷுக்கு,

ஒரு காரியமாக எழுதுகிறேன். உறவாட அல்ல.

வெள்ளிக்கிழமை டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டதால் ஹவுஸ்ஃபுல் போர்டை வாசலில் மாட்டச் சொன்னேன். தங்கச்சாமி தயங்கினார். "அம்மா, உள்ள ஆளே இல்லையே" என்றார். "ஆள் இல்லாவிட்டால் என்ன? டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லை என்றால் போர்டு மாட்ட வேண்டும்" என்றேன். நாற்பது வருடமாக இந்த வாசலில் அதுதான் சட்டம். நான் அதை மாற்றவில்லை. என் புத்தியில் படாதது ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் போர்டு வெளியே வந்ததே இல்லை. கோடவுனில் நூலாம்படை அடைந்து கிடந்தது.

பதினொரு மணிக்கு வந்து திரும்பிப் போனவர்கள் அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மாடத்தி என்று ஒருத்தி, மிளகாய்க் காட்டில் வேலை செய்கிறவள், நாலு பெண்களோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். நான் ஜன்னலில் நின்று கேட்டேன். "ஏட்டி, இந்தப் போர்டைப் பாத்து எத்தன வருசமாச்சு! நம்மாளுவ படத்துக்கு இடம் இல்லையாம்லா. நாளைக்கு வேனு பிடிச்சுல்ல வரணும்" என்றாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ பெருமையாகப் போனாள்.

சனிக்கிழமை வேன் பிடித்து வந்துவிட்டாள். புதியம்புத்தூரிலிருந்து தையல்காரர்கள் மூன்று வேனில் வந்தார்கள். ஞாயிறு நாலு காட்சியும் நிறைந்தது. போர்டை மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை உள்ளேயும் ஆள் இருந்தது. உன்னைத் தண்டிக்க மாட்டிய போர்டு உனக்கே விளம்பரமாகிவிட்டது என்று ஊர் பேசுகிறது. தங்கச்சாமி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார்.

காரியம் இதுதான். படத்தைத் திறக்கும் சாவி, அந்த எண்கள், இ-மெயிலில் நீங்கள் அனுப்பியது, ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். வியாழக்கிழமை கடைசிக் காட்சியோடு மெஷின் தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். வெள்ளிக்கிழமைக்கு இப்போதே ஆட்கள் கேட்கிறார்கள். வாசலில் நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்பாதே என்பது உன் அப்பா சொல். ஒரு நாள் அதை நான் மீறினேன். இரண்டாவது நாள் மீற மாட்டேன்.

புதுச் சாவி அனுப்பு. இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே.

செண்பகவல்லி


சென்னை,
25 செப்டம்பர் 2024
(ஆம்னி பஸ்ஸில் கொடுத்தனுப்பியது)

அன்புள்ள அம்மாவுக்கு,

இடைவேளையில் வெளியே வந்தவன் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தே போனேன். எனக்கு எந்த ரயில் என்று தெரியவில்லை. வந்ததில் ஏறினேன். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, இனி அந்த ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தேன். அப்புறம் இரண்டாவதைப் பிரித்தேன்.

சாவி தருகிறேன். தயாரிப்பாளரிடம் பேசிவிட்டேன், உங்கள் தியேட்டருக்கு மட்டும் என் சொல்படி கொடுப்பார்கள். நானும் உங்கள் மகன்தான் அம்மா. என்னிடமும் ஒரு சட்டம் உண்டு.

ஒரு சாவி ஒரு நாளைக்குத்தான் செல்லும். மறுநாள் படம் வேண்டுமென்றால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். தங்கச்சாமி அண்ணன் கேட்கக் கூடாது. இசக்கிமுருகன் கேட்கக் கூடாது. நீங்களே கேட்க வேண்டும். ஒரு நாள் போன் வராவிட்டால் மறுநாள் மெஷின் திறக்காது. வாசலில் நிற்கிறவர்களிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கான சாவியை அனுப்பிவிட்டேன். சனிக்கிழமைக்கு நீங்கள் கேட்க வேண்டும்.

செல்வகணேஷ்


கோவில்பட்டி,
22 அக்டோபர் 2024

செல்வகணேஷுக்கு,

போனில் சாவி மட்டும்தான் கேட்பேன் என்று முதல் நாளே தீர்மானம் செய்திருந்தேன். அதை மாற்றவில்லை. மற்றது இதில்.

முதல் நாள் தங்கச்சாமியின் போனை வாங்கி, டிக்கெட் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன். "யார் பேசுறது?" என்று கேட்டாய். தெரிந்தே கேட்டாய். "ஆவுடைத்தாய் டாக்கீஸ். நாளைக்குச் சாவி வேண்டும்" என்றேன். "எந்தப் படத்துக்கு?" என்றாய். வெளியே தங்கச்சாமி கதவில் காது வைத்திருந்தார். படத்தின் பெயரை நான் சொல்ல வேண்டியிருந்தது. உனக்கு அதில் இருந்த சந்தோஷம் இங்கே கேட்டது.

மூன்றாவது நாள், சாப்பிட்டீங்களா என்றாய். நாளைக்குச் சாவி வேண்டும் என்றேன். சாவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உன் படத்தை இரண்டு வாரம் முன்பு நானும் பார்த்தேன். முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன். கிணற்றடிச் சண்டைக்கு ஜனம் எப்படிச் சிரிக்கிறது என்பதை நீ இங்கே வந்து கேட்கவில்லை. அது உனக்கு நஷ்டம். இரண்டாம் பாதியில் தகப்பன் பேசும் இடம் நீளம். எல்லாரும் இருமுகிறார்கள். யாரை நினைத்து எழுதினாய் என்று தெரிகிறது. தெரிந்தாலும் நீளம் நீளம்தான். அவர் அவ்வளவு பேச மாட்டார்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பொங்கலுக்குப் படத்தை விற்கும் முன் நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அப்படியே இருக்கிறது. நான் உன்னைக் காலி அரங்கில் உட்கார வைத்ததற்கும் வருத்தப்படவில்லை. நீயும் என்னைத் தினமும் கேட்க வைத்ததற்கு வருத்தப்பட வேண்டாம்.

மதுரையிலிருந்து தீபாவளிப் படத்துக்குப் பேச ஆள் வந்துவிட்டுப் போனார். பெரிய படம். சீக்கிரம் பதில் சொல்லாவிட்டால் பக்கத்துத் தியேட்டருக்குக் கொடுத்துவிடுவாராம். உன் படத்துக்கு நேற்று மதியக் காட்சிக்கு ஒன்பது பேர். இன்று காலைக் காட்சிக்கு ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். "அம்மா, இனிமே எடுத்திரலாமே? தினம் எதுக்கு அந்தப் பையன்கிட்டப் போயி நிக்கிய?" என்கிறார் தங்கச்சாமி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் யோசிக்கவில்லை. நேற்று ஏழு தடவை மணி அடித்த பிறகுதான் போனை எடுத்தாய். ஆறு மணி என்று நீதான் நேரம் வைத்தாய். ஆறு மணிக்கு எடு.

அம்மா