சர்வர் வரவில்லை என்று சொன்னேன்

மயிலாப்பூர்
ஏப்ரல் 26, சனி

அன்பு மகள் ரூஹிக்கு, உம்மா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் வாப்பாவும் நலம், அங்கே குளிர் விட்டிருக்கும், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். வாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்பைச் சுற்றிக்கொண்டு போவதில் நடை கூடிவிட்டது, அதுதான் மருந்து என்கிறார். தினமும் போனில் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

நேற்று பள்ளியில் ஐந்தாம் வகுப்பை அனுப்பிவைத்தோம். நான்கு பேர். மொத்தப் பள்ளிக்குமே இப்போது பதினாறு பிள்ளைகள்தான். நீ முடித்த ஆண்டில் உன் வகுப்பில் மட்டும் இருபத்தெட்டுப் பேர், கேசரி போதாமல் வாப்பா ஓடிப்போய் பிஸ்கட் வாங்கிவந்தார். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. கடைசி நாளில் போகிற பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பார்கள், டீச்சர்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்று உள்ளேன் டீச்சர் சொல்ல வேண்டும். நீ அன்று என்னை இரண்டு தடவை கூப்பிட்டாய். சத்தமே வரல, மறுபடி சொல்லு என்றாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நஸ்ருன்னிசா, நஸ்ருன்னிசா என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தாய், தெப்பக்குளத்து ஓரம் பூ விற்கிற அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உன் கையில் சாக்பீஸ் தூள்.

இந்த ஆண்டு போகிறவர்களில் அஃப்ரா என்று ஒருத்தி. அவள் தங்கை தூபா மூன்றாம் வகுப்பு. அப்பா சைஃப் ஆட்டோ ஓட்டுகிறார், ஜனவரியில் வீட்டை வேளச்சேரிக்கு மாற்றிவிட்டார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலில் வந்து போனார்கள். அக்கா போனபின் எட்டு வயதுப் பிள்ளை தனியாக வர முடியாது, அதனால் சின்னவளுக்கும் டி.சி. கேட்டார். அங்கே ஒரு பள்ளியில் இடம் சொல்லி வைத்திருக்கிறார், அவர்கள் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்களாம். கொடுத்தால் நமக்குப் பதினொரு பேர். இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு, இந்தக் கதவை என் கையால் பூட்ட மனமில்லை. சர்வர் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்றேன். மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை, இன்னா டீச்சர், என் வண்டி கூட ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆவுது, உங்க சர்வரு இன்னும் எழுந்துக்கலையா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று காலைதான் அஃப்ராவின் டி.சி.யை அதே கணினியிலிருந்து எடுத்து மேசைக்குள் வைத்திருந்தேன்.

நேற்று நாற்காலியில் அஃப்ரா. என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் என்னைப் போலவே பேச வேண்டும், அதுதானே விளையாட்டு. நஸ்ருன்னிசா என்றாள். உள்ளேன் டீச்சர் என்றேன். எங்க, என் தங்கச்சி டி.சி. என்றாள், பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சர்வர் வரல டீச்சர் என்றேன். சாக்கு சொல்லாத, நிமிந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லு என்றாள். தினம் நான் அவர்களிடம் சொல்வது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நிமிரவில்லை. கண்ணாடி இல்லாமல் தரை மங்கலாக இருந்தது.

பிள்ளைகள் கேசரி சாப்பிட்டு முடிப்பதற்குள் தூபாவின் டி.சி.யை எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. சாயங்காலம் சைஃப் வாங்கிக்கொண்டு, எழுந்துக்கிச்சா, நீங்களும் எவ்ளோ நாளா அதோட மல்லாடிக்கினு இருந்தீங்க, பாவம் டீச்சர் என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுக்கு முன் உன் பல்கலைக்கழகச் சான்றிதழ் தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைத்தாயே, அது தொலையவில்லை. நம் தபால்காரர் கபாலி விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் கொண்டுவந்தார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பள்ளி பீரோவில் பழைய பதிவேடுகளுக்கு நடுவே வைத்தேன். ஒரு வாரம் மட்டும் என்று நினைத்தேன். நீ வாசலில் கபாலியிடம் சத்தம் போட்டாய். வந்தா குடுக்க மாட்டேனாம்மா, உன் லெட்டர வச்சுக்கினு நான் இன்னா பண்ணப் போறேன் என்றார் அவர். நான் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. அங்கே படிப்பில் சேரும் கெடு முடிந்தது. மறு சான்றிதழ் வாங்கி, அடுத்த பருவத்துக்குத்தான் நீ போனாய். அந்த ஆறு மாதம் நாம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டோம், பாண்டி பஜாரில் உனக்கு ஸ்வெட்டர் தேடி அலைந்தோம், மழையில் ஒரே குடையில் வந்தோம். நான் நன்றாக இருந்த மாதங்கள். ஆனால் அவை உன்னுடையவை.

அந்தக் கவரை இதோடு அனுப்புகிறேன். பிரிக்கவில்லை. கபாலி இப்போது வடபழனியில் மகன் வீட்டில் இருக்கிறாராம், நாளை போய் அவரிடமும் சொல்லிவிடுவேன். உனக்குத் திட்டத் தோன்றினால் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்களைக் காட்டட்டும். வாப்பாவின் துஆவும் உனக்கு உண்டு. டிசம்பரில் வரும்போது பாஸ்போர்ட்டையும் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் உன் பையிலேயே வைத்துக்கொள். பத்திரமாக வைக்கிறேன் என்று நான் கேட்பேன். கொடுக்காதே.

உன் உம்மா,
நஸ்ருன்னிசா