சிக்னலில் அணையும் கார்

அன்புள்ள மூத்தவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையின்றி இருப்பீர்கள் என்றே எண்ணிக்கொள்கிறேன்.

நம் கார் சிக்னலில் நின்றதும் குலுங்கி அணைந்துபோவதற்கு என் கால்தான் காரணம், எழுபத்து மூன்று வயதில் இனி ஓட்ட வேண்டாம் என்று தீர்மானித்து, அதை வாங்குபவரைச் சனிக்கிழமை வரச்சொல்லிவிட்டாய். தவறில்லை, எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. மெக்கானிக்கோ பானெட்டைத் திறக்காமலே, "எஞ்சினுக்குக் காத்து விடுற த்ராட்டிலையே மாத்திடலாம் சார், எதுக்கு யோசனை?" என்றார். யோசிப்பது என் வியாதி ஆயிற்றே. பக்கத்து வீட்டு டிரைவரிடம் காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை இரவல் வாங்கி, அதன் கையேட்டை இரண்டு முறை படித்தபிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது காரின் கணினி வழக்கத்தைவிட இருபத்துநான்கு சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது, எஞ்சினை முடுக்கினால் அது நான்காக இறங்குகிறது. கணக்கில் வராத காற்று எங்கோ புகுகிறது என்று அர்த்தமாம். நம்பாமல் ஐந்து முறை பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். "அஞ்சு தடவையும் அதே நம்பர்தானே வருது, உங்களைப் பார்த்துப் பயந்து மாத்திச் சொல்லப்போகுதா?" என்றாள் அம்மா. ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்ததில் ஏழாவதில் அகப்பட்டது. போன மாதம் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தபோது, மாற்றி மாட்டிவிடுவேனோ என்ற பயத்தில் கழற்றிய குழாய்க்கெல்லாம் நூலில் சீட்டுக் கட்டியிருந்தேன். 'இடது, மூன்று' என்று என் கையெழுத்திலேயே ஒரு சீட்டு, குழாய்க்கும் அது மாட்டும் மூக்குக்கும் நடுவே சிக்கி, காற்றுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு அழுத்தி மாட்டினேன். இப்போது எஞ்சின் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

ஆக, கால் நிரபராதி, கைதான் குற்றவாளி. "சீட்டு விஷயத்தை எழுதாதீங்க, வண்டியைப் பிடுங்கிடுவா" என்றாள் அம்மா. மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது, எழுதிவிட்டேன். நேற்று அவளைப் பிசியோதெரபிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், ஒன்பது சிக்னல், ஒன்றிலும் அணையவில்லை. விற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் நினைப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நிச்சயமில்லை, அதனால் முடிவை உன்னிடமே விடுகிறேன்.

மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை வருபவரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடு, காரின் பதிவுப் பத்திரத்தை அம்மா எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.

உன் நலமே நினைக்கும்
அப்பா