ராகு காலத்துக்கு முன் ஊற்றிய தண்ணீர்

காத்தோங், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

ஆரபியின் அப்பாவுக்கு,

நான் நலம். நம் மகளும் பேரனும் நலமாயிருப்பதைப் படத்தில் பார்த்தேன். பிள்ளையின் நெற்றி உங்கள் பக்கம்; மற்றதெல்லாம் மருமகன் பக்கமாகவே இருந்துவிடட்டும். என் லீவு அடுத்த மாதம்தான் என்பதால், நாளை கிளம்பி டொரோண்டோ வருகிற தங்கை தாரகாவின் கையில் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். தூளை ஆரபியிடம் கொடுங்கள். கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுகிறீர்கள், சுற்றிலும் சம்பந்தி வீட்டார். அதோடு, பிடிக்காத பேச்சு வந்தால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

உங்கள் கார் சரியாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து எஞ்சினுக்கு மேல்மூடியான புது சிலிண்டர் ஹெட் வந்து, மெக்கானிக் இப்ராஹீம் நேற்று அதைப் பூட்டி முடித்தார். நீங்கள் சொன்னபடி பூன் லே பட்டறைக்குப் போனேன். ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று வேவு பார்த்துப் படம் அனுப்பச் சொன்னீர்களே, அதற்குத்தான். ஒரு படமும் எடுக்கவில்லை.

பழைய ஹெட்டை மேசைமேல் வைத்திருந்தார். வால்வுகளுக்கு நடுவே மயிரிழை அளவு வெடிப்பு, சிவப்புச் சாயம் தடவிக் காட்டினார். அதன் வழியாகத் தண்ணீர் கலந்த எஞ்சின் எண்ணெய் ஊசிப்போன தே தாரிக் பால் டீ மாதிரி வாளியில் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

முப்பத்தைந்து வருடமாக எஞ்சின் பிரிக்கிற மனிதர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த நட்டுக்குப் பிறகு எந்த நட் என்று விரல் வைத்துப் படித்துப் படித்து இறுக்கினார். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். மூன்றாம் சுற்றில் கை நடுங்கியது. "போன தடவை ஹெட்டுக்கு அடியில கேஸ்கெட் மாத்துனப்ப எங்கேயோ வரிசை தப்பா இறுக்கிட்டேன் போல அக்கா. அண்ணன் சொன்னது சரிதான் லா. எனக்குக் கை போச்சு," என்றார். இந்த மாதக் கடைசியோடு பட்டறையைக் காலி செய்வதாக இடத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். முதலில் தங்கராஜு தன் இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு போனார், அவர் பின்னால் இன்னும் நாலு பேர். எல்லாம் பழைய கார்க்காரர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இரண்டு வரியால்.

இப்ராஹீம் கை வைத்ததால்தான் ஹெட் வெடித்தது, என் மனைவியும் கூட இருந்தாள், கேட்டுப் பாருங்கள் என்று எழுதினீர்கள். யாரும் கேட்கவில்லை. நானும் அதைப் படித்துவிட்டு, பேசாமல் பயற்றங்காய் நறுக்கப் போய்விட்டேன். சீ, என்ன மனுஷி நான்.

நடந்தது நம் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். சொல்லிச் சொல்லி நீங்களே அந்தப் பொய்யை நம்பிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது.

அன்று வண்டிக்குப் பூசை. பழைய கார் என்பதால் வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் ரோட்டில் விடலாம், அதில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கினீர்கள். கிளம்புமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கும்படி இப்ராஹீம் தாளில் எழுதியே கொடுத்திருந்தார். நீங்கள் பம்பரைத்தான் துடைத்தீர்கள். வழியில் நெரிசல், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்துங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் எலுமிச்சம்பழத்தில் ஏற்றியாக வேண்டும் என்றீர்கள்.

கோயில் வாசலில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஐயர்கூட ஆறட்டும் என்றார். நீங்கள் கேட்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்து, அன்னதானத்துக்கு ஐஸ் போட்டு வைத்திருந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினீர்கள். கொதிக்கிற இரும்பில் ஐஸ் தண்ணீர் பட்டதும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்புறம் இருமி இருமிக் கிளம்பிய வண்டியில் நாலு பழத்தையும் நசுக்கிவிட்டு, நாலு இருபத்தைந்துக்கே முடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

நேற்று இதையெல்லாம் இப்ராஹீமிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஐஸ் தண்ணீரா என்று இரண்டு தடவை கேட்டார். "ஒரு மாசமா தூக்கம் இல்லக்கா. கை நடுங்குறத ஆயிஷாகிட்ட காட்டாம மறைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். கட்டிய மனைவியிடம் மறைத்திருக்கிறார். உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மீதி நட்டுகளை இறுக்கினார். முதல் தடவையிலேயே எஞ்சின் கிளம்பியது.

முப்பத்தாறு வருடத்தில் உங்கள்மேல் எத்தனையோ கோபம் வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது இப்போதுதான். கார் கெட்டதற்கு அல்ல, அது வெறும் இரும்பு. செய்யாத தப்புக்கு அந்த மனிதர் உங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டபோது, பரவாயில்லை, இனிமேல் கவனமாயிரு என்று பெரிய மனிதர் மாதிரி தோளில் தட்டினீர்களே, அதற்கு.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கேட்டால் பட்டறையை அவரிடமே விட்டுவைப்பதாக இடத்துக்காரர் சொல்லியிருக்கிறார். போன வண்டிகள் திரும்பி வந்தால்தான் இப்ராஹீம் கேட்பார். தங்கராஜுவிடம் நானே சொல்லலாம், அரை மணியில் குழு முழுக்கப் பரவிவிடும். செய்யவில்லை. நீங்களே எழுத வேண்டும். ராகு காலம், ஐஸ் தண்ணீர், அந்தச் சத்தம், ஒன்று விடாமல். ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று பூசி மெழுக வேண்டாம். எழுதியபின் இப்ராஹீமைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் என்னைக் கூப்பிட வேண்டாம்.

பிரஷர் மாத்திரை பெட்டியின் பக்கப் பையில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஆரபியைத் தேட விடாதீர்கள்.

முப்பத்தோராம் நாள் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள். தாத்தாவென்று உங்கள் மடியில்தான் கிடத்துவார்கள். அவன் காதோடு வாயை வைத்து மூன்று தடவை நீங்கள்தான் பெயர் சொல்ல வேண்டும். அதற்குள் அந்த வாயைச் சுத்தமாக்கிக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிள்ளைக்கும் தாய்க்கும் என் ஆசீர்வாதம்.

இராசேஸ்வரி